டியூரர் ஏன் பெயர் பொறித்தார்?

அன்புள்ள ஐயா,

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மரச்செதுக்குப் படங்களை, அதாவது மரப்பலகையில் செதுக்கி மை பூசித் தாளில் அச்சிட்ட படங்களைப் பார்த்தேன். பிரமிப்புதான். ஆனால் படத்துக்குப் படம் தன் முதலெழுத்துகளைப் பொறித்துவைத்திருக்கிறார்: 'ஏ'யின் கால்களுக்கு நடுவே ஒரு 'டி'. புகழுக்கு இப்படி அலைந்தவரைப் பெரிய கலைஞர் என்று ஏற்க மனம் வரவில்லை.

க., மதுரை

அன்புள்ள க.,

புகழாசை இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முத்திரைக்குப் பின்னால் வயிற்றுப்பாடும் இருந்தது.

டியூரர் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகன். அவருடைய ஞானத்தந்தை அந்தோன் கோபர்கர், ஊரின் பெரிய அச்சக முதலாளி. அச்சுத் தொழிலில் பணம் எப்படிப் புரளும் என்று சிறுவயதிலேயே பார்த்திருப்பார். 1498இல், உலக முடிவைச் சொல்லும் விவிலிய நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு 15 முழுப்பக்கப் படங்கள் செய்து, ஜெர்மனிலும் லத்தீனிலும் தானே வெளியிட்டார். அதில் நான்கு குதிரைவீரர்கள் படத்தை மறுபடி பாருங்கள். இடது கீழ்மூலையில் எலும்பும் தோலுமான குதிரையில் மரணம் வருகிறது. அதன் காலடியில், கிரீடம் வைத்த ஒருவன் நரகத்தின் வாய்க்குள் விழுகிறான். மரச்செதுக்கில் கோட்டைக் கீறுவதில்லை, கோட்டைச் சுற்றியுள்ள மரத்தைத்தான் எடுப்பார்கள். அத்தனை மெல்லிய கோடுகளும் அப்படி மிச்சம் நின்றவை.

ஓவியம் வரைந்தால் ஒரு புரவலரோடு மல்லுக்கட்ட வேண்டும். பிராங்க்பர்ட் வணிகர் ஹெல்லருடன் பலிபீட ஓவியத்துக்குக் கூலி பேசிச் சலித்து, செதுக்கு வேலையிலேயே இருந்திருந்தால் 1000 கில்டர் நாணயம் கூடுதலாகச் சேர்த்திருப்பேன் என்று 1509இல் அவருக்கே எழுதினார். அச்சுப்படம் அப்படியில்லை. மனைவி ஆக்னெஸ் கட்டாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவருவார்.

விற்றால் திருட்டும் வரும். இத்தாலியில் மார்க்கந்தோனியோ ரைமொந்தி என்ற செதுக்குக் கலைஞர், டியூரரின் கன்னி மரியாள் பட வரிசையை முத்திரையோடு சேர்த்தே நகலெடுத்தார். அந்த வரிசையின் 1511 பதிப்பில் டியூரர், பிறர் உழைப்பைத் திருடுகிறவர்களே, கை வைக்காதீர்கள் என்று பேரரசர் மாக்சிமிலியன் தனக்குக் கொடுத்த உரிமையைக் காட்டி மிரட்டினார். அடுத்த ஆண்டு நியூரம்பர்க் நகர்மன்ற வாசலிலேயே ஒருவர் போலி முத்திரையோடு படம் விற்றார். மன்றம் என்ன சொன்னது தெரியுமா? முத்திரையை எடுத்துவிடு, இல்லாவிட்டால் பறிமுதல். அவ்வளவுதான். படத்துக்குக் காவல் இல்லை, பெயருக்குத்தான் இருந்தது. அப்புறம் அவர் பெயரைப் பொறிக்காமல் என்ன செய்வார்?

தற்பெருமைதான் உங்கள் புகார் என்றால், 1500இல் அவர் வரைந்த தன்னுருவ ஓவியத்தைப் பாருங்கள். நேர்ப்பார்வை, தோளில் புரளும் முடி, ஏறக்குறைய கிறிஸ்துவேதான். அதைப் பற்றி எழுதினீர்களானால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.