சுவரில் ஒரு நூல்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. எந்தப் புத்தகம் கொடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள், பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஜூல்ஸ் வெர்னின் ‘எண்பது நாளில் உலகைச் சுற்றி’ கதையைச் சுருக்கப் பதிப்பாக வாங்கி, சுவரில் உலக வரைபடம் மாட்டி, லண்டனில் குண்டூசி குத்தி நூலைக் கட்டிவிடுங்கள், கதை சூயஸ், பம்பாய், ஹாங்காங் என்று நகர நகர அவளே நூலை இழுத்துக்கொண்டு போகட்டும். அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் கடிகாரக் கணக்கு. கிழக்கே 15 பாகை போனால் 1 மணி நேரம் முன்னே தள்ள வேண்டும், 360 பாகைக்கு 24 மணி. கதையின் முடிவே இந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது, தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்! படித்து முடித்ததும் கேள்வி கேட்டுப் பரீட்சையும் வைக்காதீர்கள்.