முடிவில் தலைகீழாகும் உளவியல் திரில்லர் நாவல்கள் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

அதிர்ச்சிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. நல்ல திருப்பம் வந்ததும் நாம் செய்யும் முதல் வேலை, படித்த பக்கங்களைத் திரும்பப் புரட்டுவது. உண்மையான சுகம் அங்கேதான் இருக்கிறது.

1926இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலைப் பாருங்கள். (முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலையாளி. இரவு 8.40க்குக் கடிதம் வந்தது, 8.50க்கு அக்ராய்டின் அறையிலிருந்து கிளம்பினேன் என்கிறார். இரண்டும் உண்மை. நடுவில் அந்தப் பத்து நிமிடம் என்ன நடந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார். கடைசியில் அந்த இடைவெளியை அவரே எடுத்துக் காட்டும்போது, நம் கண்ணெதிரே இருந்ததைத் தவறவிட்டோமே என்று சிலிர்க்கிறது.

‘நான்’ என்று பேசும் குரலை நாம் யோசிக்காமல் நம்பிவிடுகிறோம். உளவியல் திரில்லர் கைவைப்பது அந்த நம்பிக்கையில்தான். கொன்றது யார் என்பதைவிட, இவர் ஏன் இப்படிச் சொன்னார், தன்னிடமே எதை மறைக்கிறார் என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது. 2012இல் வந்த கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ நாவலில் பெரிய திருப்பம் பாதியிலேயே வந்துவிடுகிறது. அப்புறமும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. கதையின் மையமான தம்பதியின் மனசுக்குள் அப்போதுதான் நுழைகிறோம்.

துப்பே வைக்காத திருப்பம் வேறு, அது வெறும் ஏமாற்று. முன்கூட்டியே வாசகரைத் தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்று 1929இலேயே ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு விதி எழுதினார்.