கத்தியைக் கண்டு நடுங்கும் தாய்

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. என் மனைவி சமையலறைக் கத்திகளை அலமாரியில் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். குழந்தையோடு தனியாக இருக்க மாட்டேன் என்கிறாள். கேட்டால், "கத்தியைப் பார்த்தாலே குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று தோன்றுகிறது" என்று அழுகிறாள். "நீ அப்படிச் செய்யவே மாட்டாய்" என்று எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். குழந்தையைக் கொஞ்ச நாள் என் அம்மாவிடம் விடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாகத் தெரிகிறது. மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

இப்படிப்பட்ட எண்ணங்கள் யாருக்கும் வரும். 1978-இல் ராக்மன், டி சில்வா என்ற உளவியலாளர்கள் நோய் எதுவும் இல்லாதவர்களிடம் விசாரித்தபோது, பெரும்பாலானோர் தங்களுக்கும் வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். "சீ, என்ன நினைப்பு இது" என்று அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். உங்கள் மனைவியோ, நினைத்ததாலேயே செய்துவிடுவோம் என்று நம்பித் தவிக்கிறார். குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பதால்தான் அந்த எண்ணம் அவரை இப்படி ஆட்டிப் படைக்கிறது.

ஒன்றை மட்டும் விழிப்பாகக் கவனியுங்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் தீவிர மனநோய் வருவதுண்டு. தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, காதில் குரல் கேட்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்ற நம்பிக்கை, குழந்தைக்குத் தீங்கு செய்வதே சரி என்ற பேச்சு. இவற்றில் எது தெரிந்தாலும், அல்லது சாக வேண்டும் என்று அவர் சொன்னாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை தாயையோ குழந்தையையோ தனியே விடக் கூடாது.

சரி, உங்கள் ஆறுதல் ஏன் பலிக்கவில்லை? "செய்ய மாட்டாய்" என்றதும் அவருக்கு ஐந்து நிமிடம் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் மறுபடியும் கேட்க வைக்கிறது. கத்தியைப் பூட்டுவதும் அப்படித்தான். பூட்டியதால்தான் குழந்தை தப்பித்தது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட சிகிச்சை முறை இந்தக் கணக்கைத்தான் உடைத்தது. பயப்படுவதை எதிர்கொள்ள வேண்டும். பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்க வேண்டும். அதையும் படிப்படியாக, சிகிச்சையாளர் துணையோடு செய்ய வேண்டும். முதலில் கத்தியின் படத்தைப் பார்ப்பது, அப்புறம் குழந்தை அடுத்த அறையில் தூங்கும்போது காய் நறுக்குவது, பிறகு பக்கத்திலேயே தொட்டிலை வைத்துக்கொண்டு நறுக்குவது.

என்னிடம் வந்த ஒரு தாய் பழம் நறுக்கும் கத்தியைப் பிடித்துக்கொண்டு விரல்கள் வெளுக்க உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் போனதும், "கை வலிக்கிறது டாக்டர், கீழே வைக்கட்டுமா?" என்றார். பயம் அடங்கி அலுப்பு வந்துவிட்டது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஆறுதல் சொல்வதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், கைவிட்டதாக நினைப்பார். மருத்துவர் முன்னால் இருவரும் பேசி வைத்துக்கொண்டு, "இது நோய் கேட்கிற கேள்வி, இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை, ஆனால் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மருந்தும் தேவைப்படலாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் செர்ட்ராலின் எழுதுவோம், பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரமே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். எனக்கும் ஓ.சி.டி.யா?

பதில்: இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது வெறும் பழக்கம். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனாலோ, வேலையோ உறவோ கெட்டாலோதான் நோய் என்கிறோம். நாளை ஒரே தடவை இழுத்துவிட்டுக் கிளம்புங்கள். வழியெல்லாம் அதே நினைப்பாகி, பாதியில் திரும்பி வர வேண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.