பால் சொசைட்டியில் கத்துக்கிட்டது பீர் லேபுல உதவுச்சு: வாசகர் கேள்வி பதில்

(போன இதழ்ல, காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து போய் பெங்களூர்ல ஒரு கிராஃப்ட் ப்ரூவரியோட (சின்ன அளவுல பீர் செய்யுற இடம்) க்யூசி லேபுல, அதாவது தரம் பாக்குற லேபுல, வேலை பாக்குறேன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இத்தனை கடுதாசி வரும்னு நினைக்கல. திட்டி வந்ததை ஓரமா வச்சுட்டு மத்ததுக்கு பதில் சொல்றேன்.)

அக்கா, பி.எஸ்ஸி மைக்ரோபயாலஜி முடிச்சிருக்கேன். பெங்களூர்ல ஒரு சின்ன ப்ரூவரி லேபுக்கு ட்ரெய்னியா கூப்பிட்டிருக்காங்க. "சாராயக் கடைக்கா பொண்ண அனுப்புறது"ன்னு அப்பா ரெண்டு நாளா பேசல. அங்க உண்மையிலேயே என்ன தான் வேலை? (வாசகி, பென்னாகரம்)

முதல்ல ஒன்னு சொல்லிடறேன் தங்கச்சி, பாதி நேரம் கழுவுற வேலை தான். ஃபிளாஸ்க் கழுவு, பைப்பெட் கழுவு, ஆட்டோகிளேவ்ல, அதான் கிருமி சாக ஆவியில வேக வைக்கிற பெரிய குக்கர், 121 டிகிரில 15 நிமிஷம் வை, எடு, திரும்ப கழுவு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு மைக்ராஸ்கோப்ப பாத்துக்கிட்டே உக்காந்திருப்போம்னு நினைச்சு தான் நானும் போனேன்.

காலையில போனதும் ஒவ்வொரு டேங்குலயும் சாம்பிள் எடுக்கணும். டேப்புல 70 சதவீத ஆல்கஹால் ஸ்ப்ரே அடிச்சு, முதல்ல வர்றத கீழ விட்டுட்டு அப்புறம் தான் பாட்டில்ல புடிக்கணும், இல்லன்னா டேப்புல ஒட்டியிருந்த அழுக்க தான் டெஸ்ட் பண்ணிட்டு இருப்போம். கேஸ் போக நல்லா குலுக்கிட்டு ஹைட்ரோமீட்டர மிதக்க விட்டு கிராவிட்டி, அதாவது அடர்த்தி பாக்கணும், பிஹெச்னு புளிப்பு அளவு பாக்கணும், டெம்பரேச்சரோட எழுதணும். பார்லி மால்ட்ட சுடுதண்ணியில ஊற வச்சு எடுக்குற சர்க்கரைத் தண்ணிக்கு வோர்ட்னு பேரு, ஈஸ்ட் அந்த சர்க்கரைய தின்னத் தின்ன கிராவிட்டி இறங்கும், ரெண்டு மூணு நாளா ஒரே எண்ணுல நின்னுச்சுன்னா ஈஸ்ட் வேலைய முடிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

அடுத்து ஈஸ்ட் எண்ணணும். கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடு இருக்கே, காலேஜ்ல ரத்த செல் எண்ணியிருப்ப, அதே தான். மெத்திலீன் புளூ ஒரு சொட்டு விட்டா உயிரோட இருக்கற செல் சாயத்த நிறமில்லாம ஆக்கிடும், செத்தது மட்டும் நீலமா தெரியும். உங்க ஊர் பால் சொசைட்டியில இதே சாயத்த பாலுல விட்டு எவ்வளவு சீக்கிரம் வெளுக்குதுன்னு பாப்பாங்களே, பாக்டீரியா ஜாஸ்தியா இருந்தா சீக்கிரம் வெளுக்கும், கிட்டத்தட்ட ஒரே வித்தை. வோர்ட்ல எவ்வளவு ஈஸ்ட் போடணும்ங்கறதுக்கு கணக்கு என்னன்னா ஒரு மில்லிக்கு ஒரு ப்ளாட்டோவுக்கு (வோர்ட்ல எத்தனை சதவீதம் சர்க்கரைன்னு சொல்ற அளவு) சுமார் 10 லட்சம் செல். 12 ப்ளாட்டோ வோர்ட்னா மில்லிக்கு 1.2 கோடி. ஏல்ங்கற பீர் வகைக்கு கொஞ்சம் கம்மியா போடுவாங்க, லாகர் வகைக்கு ஜாஸ்தி.

எனக்கு புடிச்ச டெஸ்ட் டயசிட்டைல் டெஸ்ட், பீர்ல வெண்ணெய் வாசம் அடிக்க வைக்கிற பொருளுக்கு தான் அந்தப் பேரு. ரெண்டு சின்ன பாட்டில்ல பீர் எடுத்து ஒன்ன அப்படியே வச்சிட்டு இன்னொன்ன மூடி 60 டிகிரி வாட்டர் பாத்துல ஒரு மணி நேரம் போல வச்சு, ஆற வச்சு, ரெண்டையும் தொறந்து மோந்து பாக்கணும், அவ்ளோ தான். சூடு பண்ணதுல தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வெண்ணெய் வாசம் அடிச்சுதுன்னா அந்த டேங்க் இன்னும் ரெடி இல்ல. இன்னிக்கு மோந்தா ஒன்னும் தெரியாது, ஆனா டயசிட்டைலா மாறப்போற சரக்கு உள்ள ஒளிஞ்சு கெடக்குது, பத்து நாள் கழிச்சு கஸ்டமர் கிளாஸ்ல தான் வெளிய வரும், அத முன்கூட்டியே வரவழைக்கத் தான் சூடு. பரிகாரமும் பெருசா ஒன்னும் இல்ல, குளிர வைக்காம இன்னும் ரெண்டு நாள் அப்படியே விட்டா ஈஸ்டே திரும்ப இழுத்துக்கும். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேல்ஸ் ஆளுங்க வந்து நிக்கும்போது "இன்னும் ரெண்டு நாள்"னு சொல்றது இருக்கே, அது எந்த காலேஜ்லயும் சொல்லித் தர்றதில்ல. சொல்லியே ஆகணும், நோட்டுலயும் நேரம் போட்டு எழுதிடணும்.

அப்பா கிட்ட என்ன சொல்றதுன்னா, பிஹெச்னு ஒரு அளவு இருக்கே, அத 1909ல கொண்டு வந்த சோரன்சன் வேலை பாத்தது டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட லேபுல. புரோட்டீன் அளக்குற கெல்டால் முறையும் 1883ல அதே லேபுல வந்தது தான். நீ பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல படிச்ச ஸ்டூடன்ட்ஸ் டி டெஸ்ட்ட 1908ல எழுதுன கோசெட், டப்ளின்ல கின்னஸ் ப்ரூவரி ஆளு, கம்பெனிக்காக சொந்தப் பேரப் போடாம "ஸ்டூடன்ட்"னு புனைபேர்ல எழுதுனாரு. அதெல்லாம் கேட்டு அப்பா மனசு மாறுவாருன்னு நான் சொல்லல, எங்க அப்பா மாறல, ஒரு தடவ லேபுக்கே கூட்டிட்டு வந்து காட்டுன பிறகு தான் "ஆஸ்பத்திரி மாதிரில்ல இருக்கு"ன்னாரு. இங்க ரெண்டு வருஷம் கத்துக்கிட்டா மாம்பழக் கூழ் ஃபேக்டரி, பால் கம்பெனி, மருந்து கம்பெனி எங்க வேணாலும் கை கொடுக்கும்.

ஒரே ஒரு பயம் மட்டும் வச்சுக்கோ. காலி டேங்குக்குள்ள தலைய விடாத. ஈஸ்ட் விடுற கார்பன் டை ஆக்ஸைடு காத்த விட கனம், அடியில தேங்கி நிக்கும், கண்ணுக்கும் தெரியாது. நம்ம ஊர்ல பாழுங்கிணத்துல இறங்குறதுக்கு முன்னாடி விளக்க இறக்கிப் பாப்பாங்கல்ல, அதே சமாச்சாரம். அங்க மீட்டர் இருக்கும், மீட்டர் பாக்காம யார் சொன்னாலும் இறங்காத.

நீங்க தப்பு பண்ணதே இல்லையா? (வாசகர், ஓசூர்)

ஏன் இல்ல. வேலைக்கு சேந்த ரெண்டாவது மாசம், அப்ப இருந்தது வேற ஒரு ப்ரூவரி. கொதிச்சிட்டு இருக்குற வோர்ட்ல சாம்பிள் எடுத்து ஐஸ் தண்ணியில கொஞ்ச நேரம் வச்சிட்டு அவசரத்துல ஹைட்ரோமீட்டர் போட்டேன், பத்தரைன்னு காட்டுச்சு, வரவேண்டியது 12. அப்படியே சொன்னேன். ப்ரூவர் அண்ணன் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைச்சு இன்னும் அரை மணி நேரம் கொதிக்க விட்டாரு. அப்புறம் நல்லா ஆற வச்சு பாத்தா 13 கிட்ட நிக்குது. விஷயம் என்னன்னா நான் பாக்குறப்ப சாம்பிள் 40 டிகிரில இருந்திருக்கு, ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவு வச்சது, அந்த சூட்டுல சுமார் ஒன்றரை ப்ளாட்டோ கொறச்சு காட்டும். வோர்ட் ஆரம்பத்துலயே சரியா தான் இருந்திருக்கு! கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி சேத்து சரி பண்ணாங்க, எரிச்ச கேஸும் வீணு, எனக்கு திட்டும் மிச்சம்.

ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி அழுதேன். அம்மா முப்பது வருஷமா சொசைட்டிக்கு பால் ஊத்துது, "கறந்த சூட்டோட ஊத்துனா லேக்டோமீட்டர் டிகிரி கம்மியா தான் காட்டும், அவன் தண்ணி கலந்துட்டன்னு சொல்லுவான், ஆற வச்சு ஊத்துன்னு உன் பாட்டி எனக்கு சொல்லிக் குடுத்துச்சு, நீ இத போய் காலேஜ்ல வேற படிச்சியா"ன்னுச்சு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. அன்னிலேர்ந்து தெர்மாமீட்டர் பாக்காம ஹைட்ரோமீட்டர தொடறதில்ல.

லேபுல வேலைன்னா குடிச்சே ஆகணுமா? எனக்கு பழக்கம் இல்ல. (வாசகர், கெலமங்கலம்)

ஆகவேண்டியதில்ல. நானே குடிக்கிறதில்ல, முக்கால்வாசி குறை மூக்குலயே மாட்டிக்கும். வேகவச்ச மக்காச்சோளம் மாதிரி அடிச்சா கொதிக்க வச்சது பத்தல, பச்சை ஆப்பிள் வாசம்னா ஈஸ்ட் இன்னும் முடிக்கல, வெயில்ல வச்ச பாட்டில்னா ஒரு நாத்தம் வரும் பாருங்க, பீருக்கு கசப்பு குடுக்குற ஹாப்ஸ் பூவோட சத்துல வெளிச்சம் பட்டு வர்றது, அதுக்கு தான் பழுப்பு பாட்டில். டேஸ்டிங் பேனல்னு ஒன்னு உண்டு, மூணு கிளாஸ்ல ரெண்டு ஒரே பீர் ஒன்னு வேற, எது வேறன்னு கண்டுபுடிக்கணும், அதுக்கு குடிக்கிறவங்கள உக்கார வச்சிட்டு நான் ஊத்தி நம்பர் போட்டு கணக்கு எழுதுவேன். இன்டர்வியூலயே சொல்லிடுங்க, நேர்மையான இடம்னா ஒத்துக்குவாங்க.

எங்களுக்கு எட்டு ஏக்கர் மாந்தோப்பு. மேங்கோ பீர்ங்கறாங்களே, நேரா ப்ரூவரிக்கு குடுத்தா நல்ல விலை வருமா? (வாசகர், சந்தூர்)

அண்ணா, ஆசை காட்ட எனக்கு மனசில்ல. பழத்த நேரா யாரும் வாங்கமாட்டாங்க, தோல்ல காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒட்டியிருக்கும், டேங்குக்குள்ள போனா அந்த பேட்ச் மட்டும் இல்ல குழாய் மொத்தமும் போச்சு. நம்ம கிருஷ்ணகிரி ஃபேக்டரியில சூடு பண்ணி பையில அடைச்சு ட்ரம்ல போட்டு வருதே, பெங்களூரா பழக் கூழ், 215 கிலோ ட்ரம், அது தான் வாங்குவாங்க. அதுவும் வருஷத்துக்கு ஒரு சின்ன ப்ரூவரிக்கு சில ட்ரம் போதும், உங்க தோப்பு விலைய அது தூக்காது.

அந்தக் கூழ் வந்தா எங்களுக்கு தான் தலைவலி. பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பாத்தா 14க்கு மேல இருக்கணும். அதுல இருக்குற சர்க்கரைக்காக, தூங்கிட்டு இருந்த ஈஸ்ட் முழிச்சுக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மிச்சம் இருந்தா போதும், அது அடைச்ச பாட்டிலுக்குள்ள புளிச்சு லிட்டருக்கு இன்னொரு லிட்டர் கேஸ் கூட்டிடும், ஏற்கனவே ரெண்டரை இருக்கும். பாட்டில் என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். அதனால கூழ் சேத்த டேங்குக்கு கிராவிட்டி ஒரே எண்ணுல நிக்காம கையெழுத்து போடமாட்டேன், யார் வந்து நின்னாலும் சரி.

வீட்டுலயே சின்னதா பீர் செஞ்சு பாக்கலாமா, யூட்யூப்ல காட்டுறாங்க. (வாசகர், காரிமங்கலம்)

வேணாம். தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம காய்ச்சுனா குத்தம், கொஞ்சமா செஞ்சேன்னு தப்பிக்க முடியாது. கத்துக்க ஆசைன்னா ராகிய முளைகட்டி காய வச்சு மாவாக்கி, நல்லா வெந்து கெட்டியான கஞ்சி கொஞ்சம் ஆறுனதும் கைபொறுக்குற சூட்டுல ஒரு ஸ்பூன் கலந்து பாருங்க. கொஞ்ச நேரத்துல தண்ணியா நெகிழ்ந்து இனிக்கும். முளையில இருக்குற என்சைம் மாவுச்சத்த சர்க்கரையா உடைக்குது, பார்லி மால்ட்ல நாங்க 65 டிகிரில பண்றதும் இதே தான். அயோடின் ஒரு சொட்டு விட்டா முதல்ல கருநீலம் ஆகும், மாவுச்சத்து முழுக்க உடைஞ்சிடுச்சுன்னா ஆகாது. போலீஸ் வராது, குழந்தைக்கும் குடுக்கலாம், அயோடின் விட்டத மட்டும் கொட்டிடுங்க.

எங்க பாட்டி ராகிக் கூழ் ராத்திரியே கரைச்சு புளிக்க வைக்கும். அதுவும் பீரும் ஒன்னுன்னு என் பேரன் சொல்றான், சரியா? (வாசகி, அரூர்)

பேரன் பாதி சரி பாட்டிம்மா. புளிக்கிறது ரெண்டுலயும் உண்டு, புளிக்க வைக்கிற ஆளு தான் வேற. கூழ புளிக்க வைக்கிறதுல பெரிய பங்கு லாக்டிக் பாக்டீரியாவுக்கு, பீர்ல ஈஸ்ட்டுக்கு. சாதா பீருக்குள்ள அந்த லாக்டிக் கூட்டம் நுழைஞ்சா எங்களுக்கு அது கெட்டுப்போன பீர். அதுக்காகவே பாக்டீரியாவ வளத்துப் பாக்குற தனி அகார் தட்டுல காத்து புகாம அஞ்சு நாள் வச்சு, ஒரு புள்ளி வந்தா கூட எந்த டேங்க், எந்த குழாய்னு தேடிக்கிட்டு அலைவோம். மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டவங்க சோப்பு போட்டு கை கழுவாம ஈஸ்ட் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு கதவுல நானே எழுதி ஒட்டியிருக்கேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் புடிச்சு ஊருக்கு வந்தா, ஞாயித்துக்கிழமை காலையில அம்மா குடுக்குற கூழ் ஒரு சொம்பு, வெங்காயத்தோட.