மகளைக் கடல் படிக்க அனுப்பலாமா? முல்லைத்தீவுத் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புடைய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்த மகளுக்கு மருத்துவ பீடத்துக்குப் போதிய இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான தரப்புள்ளி) வரவில்லை என்றும், மாத்தறையிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில், கடல் விஞ்ஞானப் பட்டப்படிப்பையே முதலாவதாகப் போட வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக நிற்கிறார் என்றும், "கடலோடு மாரடித்தது என்னோடு போகட்டும்" என்று நீங்கள் மறித்து நிற்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2004 மார்கழியில் ஒரே காலையில் வள்ளத்தையும் வலையையும் இழந்து, பின்னர் போரில் மீண்டும் எல்லாவற்றையும் விட்டு நடந்த ஒருவர் அப்படிச் சொல்வதில் பிழை பிடிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் பிள்ளை கேட்பது வள்ளம் அல்ல என்பதை நீங்களும் அறிவீர்கள். உங்கள் உண்மையான கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: உலக நாடுகள் மாநாடு கூட்டிப் பேசுகிற விடயத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும்? அதற்கே பதில் எழுதுகிறேன்.

பூமியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேலானதைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூடேறிய நீர் விரிவதாலும் நிலத்திலுள்ள பனி உருகி வந்து சேர்வதாலும் கடல்மட்டம் உயர்கிறது. முருகைக்கற்கள் வெளிறிச் சாகின்றன. மீன் தன் இடத்தையும் பருவத்தையும் மாற்றிக்கொள்கிறது. அலம்பிலில் கரைவலை இழுப்பவர் இந்தச் சூட்டுக்குக் காரணமான புகையை உண்டாக்கியவர் அல்லர். அதை அவர் தனியே நிறுத்திவிடவும் முடியாது. 1992இன் காலநிலைச் சட்டகமும், 2015இன் பாரிஸ் உடன்படிக்கையும், 2023இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2026 தையில் நடைமுறைக்கு வந்த, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலுக்கான உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையும் இந்த ஒரு காரணத்தால் பிறந்தவை. அந்த மாநாட்டு மண்டபங்களில் வேலை பார்ப்போர் மிகச் சிலர். அவற்றைக் காட்டிப் பிள்ளைக்கு ஆசை மூட்ட நான் விரும்பவில்லை. ஒப்பந்தம் கரைக்கு வந்து இறங்கும் இடத்தில்தான் ஆள் போதாமல் இருக்கிறது.

2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தப் பெயரைக் கொடுத்தது மாலைதீவு. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் எழும் புயல்களுக்கு இலங்கை உட்பட 13 நாடுகள் பெயர்ப் பட்டியல் தருகின்றன. அந்த நாடுகளுக்கான புயல் ஆலோசனை புதுடில்லி மையத்திலிருந்து போகிறது. கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களம் நமக்குரிய அறிவித்தலை வெளியிடுகிறது. 2004இல் இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. நாடுகள் சேர்ந்து அதைக் கட்டியெழுப்ப 2011 ஆகிவிட்டது. இவை தவிர, ஆர்கோ என்ற பெயரில் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் உலகக் கடல்களெங்கும் அலைகின்றன; 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழம்வரை இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து, செய்மதிக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் அமிழ்கின்றன. அந்தத் தரவை உங்கள் மகள் வீட்டிலிருந்தே கட்டணமின்றி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதைப் படித்து விளங்கி, செம்மலையில் இன்று வள்ளம் இறக்கலாமா என்பதைத் தமிழில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நினைவுக்கு வந்திருக்கும். அது நியாயமே. இலங்கை 2017இல் கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடை செய்தும், பாக்கு நீரிணையில் இரு கரைகளும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒப்பந்தம் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

உப்புநீர்க் கரைகளில் வளரும் கண்டல் மரங்களை நட்ட கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் படிப்பு எங்கே பயன்படும் என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. கடலைக் காக்கப் பொதுநலவாய நாடுகள் செய்துகொண்ட நீலப் பட்டயத்தில் கண்டற்காடுகளுக்குத் தலைமை நாடு இலங்கை. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீளமைப்பு முயற்சிகளுள் ஒன்றாக நமது கண்டல் மீளுருவாக்கத்தை அறிவித்தது. இது பெருமைக்குரிய பக்கம். மறுபக்கத்தில், சுனாமிக்குப் பின் நடந்த நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று கண்டது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் வன்னிக் களப்புக் கரையொன்றுக்குப் போயிருந்தேன். தடிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொரு தடியிலும் கட்டிய கயிறும் அப்படியே இருந்தது, கன்று மட்டும் இல்லை. பாதியை மாடு கடித்திருந்தது. மீதி, மாரியில் இடுப்பளவு நீர் நிற்கும் பள்ளத்தில் நடப்பட்டு அழுகியிருந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "இதிலை கண்ணாதான் வரும் தம்பி, கண்டல் வராது எண்டு நாங்கள் சொன்னனாங்கள், ஆர் கேட்டது?" என்றார். கண்ணாவும் கண்டற்காட்டு மரம்தான், ஆனால் வேறு இனம். காசும் கன்றும் பதாகையும் குறையாமல் வந்து சேர்ந்தன. நீர்மட்டத்தை ஓராண்டு அளந்து, உப்பைச் சோதித்து, அந்தப் பெரியவரின் பேச்சையும் கேட்டு, எங்கே எந்த மரம் என்று வரைபடத்தில் குறிக்க ஓர் ஆள் இருக்கவில்லை. உங்கள் மகள் படிக்கப்போவது அந்த ஆளின் வேலையை. வட்டுவாகலில் முகத்துவாரம் எப்போது திறக்கும், திறந்தால் நந்திக்கடல் களப்பில் இறால் என்னவாகும் என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தது அவருக்குக் கூடுதல் தகுதி. அதை எந்த விரிவுரை மண்டபமும் கொடுக்காது.

சட்டத்தின் வழியாகவும் இந்தத் துறைக்குள் போகலாம் என்பதை ஓரமாகச் சொல்லிவைக்கிறேன். 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் 27 பேர் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு கையிலெடுத்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வரை கொண்டுபோனது. 2025 யூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. பாதிக்கப்படும் நாடுகளுக்கான இழப்பு, சேத நிதியத்துக்கு 2022இல் உடன்பாடு கண்டு, அடுத்த ஆண்டே அதை இயங்கவைத்தார்கள். எந்த நிதியமானாலும் முதலில் கேட்பது பதிவுகளை: முன்பு என்ன இருந்தது, எப்போது போனது, எவ்வளவு போனது என்று. நமது கரையில் அந்தப் பதிவுகள் மிகக் குறைவு.

இனி விண்ணப்பம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் பாடநெறிகளைக் கிடைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு அடுக்க வேண்டாம். உண்மையான விருப்பத்தின் ஒழுங்கில் அடுக்க வேண்டும். மேலே போட்டது வெட்டுப்புள்ளியால் தவறினால் அடுத்ததைப் பார்ப்பார்கள். அதனால் இழப்பு இல்லை. ருகுணுவுக்கு அடுத்ததாக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தையும், வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானத்தையும் போடச் சொல்லுங்கள்; 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வீட்டுக்கும் அருகில். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்குச் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் தொழிற்தகைமைப் பயிற்சிகள் உண்டு. அவற்றைக் குறைவாக எண்ண வேண்டாம். எங்கே படித்தாலும் புள்ளிவிபரவியல், ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) வரைபடமிடல், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுதல் ஆகிய மூன்றையும் விடாமல் பிடிக்க வேண்டும். கடல் மீது ஆசையுள்ள பிள்ளைகள் பலர் கணக்குக்குப் பயந்து சறுக்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

வேலை பற்றி மறைக்காமல் எழுதுகிறேன். நாரா (தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம்), நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை), கடற்றொழில் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை, அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றில் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு, ஆனால் வெற்றிடங்கள் குறைவு, வர்த்தமானிக்காகக் காத்திருக்க நேரலாம். வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களில் சம்பளம் நன்றாக இருக்கும். திட்டம் முடியும்போது வேலையும் முடிந்துவிடும். பட்டம் பெற்ற முதல் சில ஆண்டுகள் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்குத் தாவ வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் வீட்டுக் கணக்கைப் போட வேண்டும். ஓய்வூதியமுள்ள ஆசிரியர் வேலையே வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதை இப்போதே பிள்ளையிடம் பேசிவிடுங்கள். நான்காம் ஆண்டில் பேசினால் இருவருக்கும் மனக்கசப்பு.

மாத்தறை தூரம்தான், நாட்டின் வடகிழக்குக் கரையிலிருந்து தென்முனைக்குப் போக வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில், சுற்றியிருக்கும் பேச்சு சிங்களத்தில் இருக்கும். முதல் அரையாண்டில் பிள்ளை அழுது தொலைபேசி எடுத்தால் பயந்து கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூன்று மொழியும் தெரிந்த கடல் விஞ்ஞானப் பட்டதாரி வன்னியில் அரிது. உத்தியோகம் தேடும்போது அதன் பெறுமதி தெரியும்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன்னராவது இருவரும் நேரில் வாருங்கள். ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலும் பெறுபேற்றுத் தாளும் கட்டாயம் வேண்டும். மீள்குடியேறிய நாளிலிருந்து ஒவ்வொரு நாள் மீன்பாட்டையும் எழுதிவைத்திருப்பதாகக் கடிதத்தில் சொன்னீர்களே, அந்தக் கொப்பிகளையும் எடுத்து வாருங்கள். அவற்றை எப்படிக் கணினி அட்டவணையில் ஏற்றுவது என்று பிள்ளைக்கு அன்றே காட்டித் தருகிறேன்.