மகளை அங்கே அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள்தான். ஆனால் உறவினர்கள், “அங்கே படிப்பைவிட அரசியல்தான் அதிகம்” என்று பயமுறுத்துகிறார்கள். கருத்துச் சுதந்திரம் என்று போய்ப் பிள்ளை படிப்பைக் கோட்டைவிட்டுவிடுவாளோ?
– ஒரு தந்தை, ஆர்.கே. புரம், புதுடெல்லி

பதில்: ஐயா, 1996-இல் அதே எம்.ஏ. வரலாற்றில் சேர்ந்தவள் நான். கோதாவரி விடுதியில் என் அறைத்தோழி ஒடிசாவின் காளஹாண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள். முதல் இரண்டு மாதம் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்ததே ஒரு போராட்டத்தின் பலன். பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு நுழைவுத்தேர்வில் கூடுதல் மதிப்பெண் தரும் முறை அங்கே 1970-களில் வந்தது. 1983-இல் மாணவர் கிளர்ச்சியை ஒட்டிப் பல்கலைக்கழகத்தையே மூடினார்கள். அதன்பின் அந்த முறையையும் எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் விடாமல் கேட்டு 1994-இல் மீட்டார்கள். உறவினர்கள் சொல்லும் ‘அரசியலில்’ இதுவும் சேர்த்தி. அவசரநிலைக்குப் பிறகும் வேந்தராக நீடித்த இந்திரா காந்தியின் வீட்டுக்கே 1977-இல் ஊர்வலம் போனவர்கள் அவர்கள். மாணவர் சங்கத் தலைவர் சீதாராம் யெச்சூரி கோரிக்கையை வாசிக்க, இந்திரா பக்கத்தில் நின்று கேட்டார். பிறகு பதவி விலகினார்.

விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஒரு டிசம்பர் இரவு, பஞ்சத்தைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். தாமதமாகச் சாப்பிட வந்த என் தோழி, கையில் தட்டும் விரல்களில் காய்ந்த பருப்புமாக எழுந்து நின்றாள். “எங்கள் ஊரில் நெல் இருந்தது. வாங்கத்தான் காசு இல்லை” என்று தடுமாறும் இந்தியில் சொன்னாள். பேச்சாளர் குறிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டு, “இன்னும் சொல்லுங்கள்” என்றார். இருபது நிமிடம் பேசினாள். அவளை உள்ளே விடாத பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் எவ்வளவு சுதந்திரமாகப் பேசினாலும் அந்த ஒரு வாக்கியம் அங்கே ஒலித்திருக்காது.

இன்று நிலைமை அப்படியே இல்லை. நான் கட்டுரை எழுதித் தேர்வானவள். 2019 முதல் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாகிவிட்டது. பெண்களின் புகார்களை விசாரிக்க 1999-இல் அமைத்த குழுவை 2017-இல் கலைத்துவிட்டார்கள். இவை எனக்கு வலிக்கிற இழப்புகள்.

ஆனாலும் அனுப்புங்கள். விடுதி கிடைக்காவிட்டாலும் கூட்டம் இருக்கிற இரவுகளில் மகள் இருந்து கேட்டுவிட்டு வரட்டும். நேரமாகிவிட்டால் நீங்களே வாயில் வரை போய் அழைத்துவாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. வரும் வழியில், இன்று யார் என்ன கேட்டார்கள் என்று அவளிடம் கேளுங்கள்.