மதிப்பு வைக்காத மெமரி: கேட்டதும் சொன்னதும்

வேலூர் வட்டாரத்தில் சி, சி++, ரஸ்ட் மொழிகளில் புரோகிராம் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஆரம்ப மதிப்பு வைக்காத மெமரியைப் பற்றியவை மட்டும் இங்கே.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ஃபங்ஷனுக்குள் 'இன்ட் கவுன்ட்' என்று முழு எண் மாறியை மட்டும் எழுதினேன், மதிப்பு வைக்கவில்லை. லேபில் பூஜ்யம் வந்தது, என் லேப்டாப்பில் 32764 வருகிறது. எது சரி?

இரண்டும் இல்லை தம்பி. அந்த 32764-ஐ ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) எழுதிப் பாருங்கள், 7எஃப்எஃப்சி. 64 பிட் லினக்ஸில் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் மாறிகள் இருக்கும் இடம்) முகவரிகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். முன்பு ஓடிய ஏதோ ஒரு ஃபங்ஷன் வைத்துவிட்டுப் போன பாயிண்டரின் (மெமரி முகவரியின்) மேல்பாதிதான் உங்கள் கவுன்ட்டாக வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். லேபில் அதே இடத்தில் பூஜ்யம் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். குளோபல், ஸ்டாட்டிக் மாறிகளுக்குத்தான் பூஜ்யம் உறுதி.

குடியாத்தம்: மாலாக் (ஓடும்போது மெமரி வாங்கித் தரும் ஃபங்ஷன்) தரும் இடம் எனக்கு எப்போதும் பூஜ்யமாகவே இருக்கிறது சார். பூஜ்யம் வைத்தே தரும் காலாக் எதற்கு?

சின்ன டெஸ்ட் புரோகிராமில் அப்படித்தான் இருக்கும். ஒரு புரோகிராமின் தரவு இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்று கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) புதுப் பக்கங்களைத் துடைத்துக் கொடுக்கிறது. நீங்கள் ஃப்ரீ செய்து (மெமரியைத் திருப்பிக் கொடுத்து) மறுபடி மாலாக் கேட்டால், பழைய துண்டே திரும்பி வரலாம். அதைத் துடைக்க யாரும் இல்லை. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில், அதன் முதல் 16 பைட்டில் மெமரியைப் பங்கிடும் அலோகேட்டர் எழுதிய பாயிண்டர்கள்கூட இருக்கலாம், மீதியில் உங்கள் பழைய தரவு. சர்வர் காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் உளறுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ராணிப்பேட்டை, எம்பெடெட் வேலை: தோல் பதனிடும் டிரம்முக்கு டைமர் போர்டு செய்கிறோம். டேபிளில் எத்தனை தடவை ரீசெட் அழுத்தினாலும் சரியாக ஓடுகிறது. ஃபேக்டரியில் காலையில் மெயின் சுவிட்ச் போட்டால் சில போர்டுகள் மட்டும் மீதி நிமிடம் என்று கன்னாபின்னாவென்று ஏதோ காட்டுகின்றன. ஏன்?

ரீசெட் அழுத்தினால் எஸ்ரேம் (சிப்பின் ரேம்) அழியாது, பழைய நல்ல மதிப்பு அங்கேயே இருக்கும். அதனால்தான் டேபிளில் தவறு தெரியவில்லை. இரவு முழுக்க கரண்ட் இல்லாமல் இருந்து காலையில் வரும்போது, ஒவ்வொரு செல்லும் தன் தயாரிப்பு ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப 0 அல்லது 1 பக்கம் சாய்கிறது. இது சிப்புக்குச் சிப் மாறும், அதே சிப்பில் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். சில போர்டுகள் மட்டும் தினமும் அடம்பிடிப்பது அதனால்தான்.

பூஜ்யம் வைக்க வேண்டிய ஸ்டார்ட்அப் கோடு எங்கே தவறவிட்டது என்று பாருங்கள். ரீசெட்டிலும் மதிப்பு நிலைக்கட்டும் என்று அந்த மாறியை ஸ்டார்ட்அப் தொடாத 'நோஇனிட்' பகுதியில் போட்டிருக்கலாம். அல்லது எது எந்த மெமரியில் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டில் இரண்டாவது ரேம் பகுதி சேர்த்துவிட்டு, ஸ்டார்ட்அப்பில் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். முதல் வகை என்றால் மதிப்பின் பக்கத்தில் ஒரு அடையாள எண்ணும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் வையுங்கள். ஆன் ஆனதும் அவற்றைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் மோட்டாரை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள். டெஸ்டையும் மாற்றுங்கள். சப்ளையைக் கழற்றி, கபாசிட்டர் வடிந்து, சில நிமிடம் கழித்துப் போட வேண்டும். ஏசி அறையில் எஸ்ரேம் கொஞ்சம் கூடுதல் நேரம் பழையதைப் பிடித்து வைத்திருக்கும், நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் விட்டுவிடும்.

ஆற்காடு: 2014-இல் வந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையும் இதுதானே?

இல்லைங்க. அது அளவைச் சரிபார்க்காமல் பஃபரைத் தாண்டிப் படித்தது. நீங்கள் தேடும் வகைக் கசிவு ஸ்ட்ரக்ட்டில் (பல மாறிகளைச் சேர்த்த தொகுப்பில்) இருக்கிறது. ஒரு பைட் எடுக்கும் கேர், அடுத்து ஒரு இன்ட் என்றால் நடுவில் பொதுவாக 3 பைட் காலி. இரண்டு உறுப்புக்கும் மதிப்பு வைத்துவிட்டு மொத்தமாக வெளியே அனுப்பினால், அந்த 3 பைட்டில் கிடந்த பழைய தரவும் சேர்ந்து போகும். கர்னலிலிருந்து யூசர் பக்கம் இப்படிக் கசிந்த கதைகள் நிறைய. முதலில் மெம்செட் போட்டு முழுக்கப் பூஜ்யமாக்குங்கள், பிறகு உறுப்புகள்.

வாலாஜா: எல்லாவற்றுக்கும் பூஜ்யம் வைத்தால் வேகம் குறையாதா?

பெரும்பாலும் கம்பைலரே தேவையற்றதை நீக்கிவிடும். அளந்து பார்க்காமல் இந்தக் கவலை வேண்டாம்.

ஆம்பூர்: மெமரித் தவறு தேடும் வால்கிரைண்ட் ஒரு லைப்ரரியில் ஓயாமல் எச்சரிக்கிறது. அந்த வரியை கமென்ட் செய்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். டெபியன் லினக்ஸில் 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியில் இதையேதான் செய்தார்கள். எச்சரிக்கை போக இரண்டு இடங்களில் ஒரே மாதிரி வரியை நீக்கினார்கள். அதில் ஒன்று ரேண்டம் எண்ணுக்கு வேண்டிய விதையைக் கலக்கும் உயிர்வரி. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்பு. 2008 மே மாதம் வரை அதில் உருவான எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும்) சாவிகளை எவரும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை. வால்கிரைண்ட், மதிப்பைக் காப்பி செய்யும்போது பேசாது, அதை வைத்து 'இஃப்' முடிவெடுப்பது போன்ற இடங்களில்தான் கத்தும். ஆகவே மூலம் வேறு எங்கோ இருக்கும். மூலத்தைக் காட்டும் 'டிராக் ஆரிஜின்ஸ்' ஆப்ஷன் போட்டு ஓட்டுங்கள். அட்ரஸ் சானிடைசர் இந்தத் தவறைப் பிடிக்காது, கிளாங் கம்பைலரின் மெமரி சானிடைசர்தான் பிடிக்கும்.

திருப்பத்தூர்: ரஸ்ட்டுக்கு மாறிவிட்டேன். எனக்கு இந்தத் தொல்லை இல்லை, அப்படித்தானே?

கம்பைலரின் காவலைத் தளர்த்தும் 'அன்சேஃப்' எழுதாதவரை இல்லை, கம்பைலரே விடாது. எழுதினால் சி-யை விடக் கறார். வெறும் யு8 (ஒரு பைட் எண்) என்றாலும், மதிப்பு வைக்காததைப் படித்தால் வரையறை இல்லாத நடத்தைதான், என்ன நடக்கும் என்று உறுதி கிடையாது. வெக்டருக்கு இடம் ஒதுக்கி, நிரப்புவதற்கு முன்பே நீளத்தை வைக்கும் 'செட் லென்' கூப்பிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். நிரப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். 2019 முதல் இதற்கென்றே 'மேபி அன்இனிட்' இருக்கிறது, பழைய 'மெம் அன்இனிஷியலைஸ்ட்' உங்கள் கோடில் இருந்தால் மாற்றிவிட்டு, மிரி என்ற சோதனைக் கருவியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.